ஆமா போடத் தெரிந்த ஆள்: இரண்டாவது மைக்குக்காரருக்கு ஒரு கையேடு

சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு நடக்கும்போது எல்லார் கண்ணும், வில்லைத் தட்டும் வீசுகோலைப் பிடித்துக் கதை பாடும் அண்ணாவி மேலேயே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி "ஆமா" போடுகிறவரை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. அவர் வாயை மூடிக்கொண்டால்தான் அருமை தெரியும். அண்ணாவிக்கு மூச்சு வாங்க இடமிருக்காது, அடுத்த அடியை யோசிக்க நேரம் கிடைக்காது, கூட்டத்துக்குக் கதை பிடிபடாது.

யூடியூபுக்குப் பேட்டி எடுக்க உட்காரும் இருவரில் இரண்டாவது ஆளுக்கும் இதே வேலைதான். ஆனால் பாளையங்கோட்டையானாலும் தென்காசியானாலும் முதல் ஆளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டாவது நாற்காலிக்கு அன்றைக்கு யார் சும்மா இருக்கிறாரோ அவர்.

முக்கிய வேலை, பார்க்கிறவர் மனதில் எழும் கேள்வியை அந்த நொடியிலேயே கேட்டுவிடுவது. பத்தமடை பாய் நெய்கிற அம்மா ஒருவர் விருந்தினர் என்று வைத்துக்கொள்வோம். "பாவு சரியா நிக்கலைன்னா கோரை அடங்காது" என்கிறார். முதல் தொகுப்பாளர் இதையெல்லாம் படித்துவிட்டு வந்தவர், தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார். அங்கேதான் இரண்டாமவர் நுழைய வேண்டும்: "பாவுன்னா தறியில நீளவாக்குல ஓடுற நூலாம்மா?" அவ்வளவு போதும். அவர் "ஆமா தம்பி, பருத்தி நூலு. கோரை குறுக்க போவும்" என்று சொன்னதும் ஒதுங்கிவிட வேண்டும். கேள்வி பத்துச் சொல்லுக்குள் இருக்கட்டும். தனக்கு விடை தெரிந்திருந்தாலும் தானே விளக்கப் புகுந்துவிடக் கூடாது. விளக்கம் விருந்தினர் வாயிலிருந்து வந்தால்தான் மதிப்பு.

அடுத்தது, திருப்பிச் சொல்வது. வில்லுப்பாட்டில் அண்ணாவி சொன்ன கடைசிச் சொல்லைப் பக்கத்து ஆள் வாங்கி மறுபடி சொல்வார். கடைசி வரிசையில் இருப்பவர் காதுக்கும் சேதி போய்ச் சேரும். அமெரிக்காவில் 'டுநைட் ஷோ' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஜானி கார்சனோடு 1962 முதல் 1992 வரை துணைக்கு இருந்த எட் மக்மேனும் இதைத்தான் செய்தார். கார்சன் ஜோசியர் வேடம் கட்டி, ஒட்டிய உறையை நெற்றியில் வைத்து முதலில் பதிலைச் சொல்வார்; மக்மேன் அதை அப்படியே திருப்பிச் சொல்வார்; அதன் பிறகுதான் உறையைக் கிழித்துக் கேள்வியைப் படிப்பார்கள். அந்த ஒரு திருப்பலில் அரங்கம் முழுக்கப் பதிலைப் பிடித்துக்கொள்வதால் சிரிப்பு ஒன்றாக வெடிக்கும். பேட்டியில் இதை எண், ஊர்ப்பெயர், வருஷம் வரும் இடங்களில் மட்டும் செய்யுங்கள். எல்லாவற்றையும் திருப்பினால் எரிச்சல்தான் வரும்.

கிண்டல் விஷயத்தில் ஒரு விதி: அது முதல் தொகுப்பாளர் மேல்தான் விழ வேண்டும், விருந்தினர் மேல் ஒருபோதும் கூடாது. இரண்டாமவர் வயதில் சின்னவராக இருந்தால் இது இன்னும் எடுபடும். "என்ன அண்ணாச்சி சொல்லுதிய! நீங்க எந்தக் காலத்துல தறியைத் தொட்டிய?" என்று கேட்டால் விருந்தினரும் சிரித்து இறுக்கம் தளர்வார். மரியாதையும் கெடாது. அண்ணாச்சிக்கு இது பொறுக்காது என்றால் ஆளை மாற்றுங்கள், முதலாமவரைச் சொல்கிறேன்.

இனி சத்தம். பாதி நிகழ்ச்சிகள் இங்கேதான் கெடுகின்றன. வாய்க்கும் மைக்குக்கும் 10 சென்டிமீட்டர் என்றால், இரண்டு மைக்குகளுக்கு நடுவே குறைந்தது 30 சென்டிமீட்டர், அதாவது மூன்று மடங்கு இருக்க வேண்டும். நெருங்கினால் ஒரே குரல் இரண்டிலும் சற்று முன்பின்னாகப் பதிவாகி, குடத்துக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கும். ஒவ்வொரு மைக்கையும் தனித் தடத்தில் (டிராக்) பதியுங்கள். பதிவுக் கருவியின் அளவுகாட்டியில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். இரண்டாமவர் மைக்கை "ஹலோ ஹலோ" சொல்லிச் சோதித்துப் பயனில்லை. வாய்விட்டுச் சிரிக்கச் சொல்லிச் சோதியுங்கள், அவர் தடத்தில் சத்தம் கிழிவது அங்கேதான்.

"ஆமா" விழும் இடமும் முக்கியம். வாக்கியம் முடிந்து ஒரு நொடி கழித்து வர வேண்டும். விருந்தினரின் கடைசிச் சொல் மேலேயே ஏறினால், அந்தச் சொல்லை எடிட்டிங்கில் பிரித்தெடுக்க முடியாது, தனித் தடம் இருந்தாலும் அவர் மைக்கில் உங்கள் குரல் கசிந்திருக்கும். வில்லில் குடமும் உடுக்கையும் இடைவெளியை நிரப்பிவிடும். இங்கே அப்படி எதுவும் இல்லாததால், சத்தமான ஆமாவைவிடத் தலையாட்டலே அதிகம் வேண்டும். விருந்தினர் இழப்பைப் பற்றிப் பேசிக் குரல் தணியும்போது தலையாட்டல் மட்டும்தான். அந்த மௌனம் மூன்று நான்கு நொடி நீண்டாலும் நிரப்பாதீர்கள். பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் நல்ல பேச்சு வரும்.

முன்தயாரிப்பில் இருவர் கையிலும் ஒரே கேள்வித்தாள் இருக்கக் கூடாது. இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறப்பார்கள். கேள்வி வரிசை முதலாமவரிடம் இருக்கட்டும். இரண்டாமவர் தாளில் விருந்தினரின் சரியான பெயர், ஊர், தொழில் சொற்கள், சரிபார்க்க வேண்டிய எண்கள். கடிகாரமும் அவர் பொறுப்பு. பேனாவைப் படுக்க வைத்தால் ஐந்து நிமிஷம் பாக்கி, தாளைக் கவிழ்த்தால் முடிக்கலாம் என்பது போல இரண்டே சைகை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதைப் பதட்டத்தில் மறந்துவிடுவார்கள்.

"சூப்பர், சூப்பர்" என்பது வாயில் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது கஷ்டம். அதைவிட மோசம், "எங்க தாத்தாவும் இப்படித்தான்" என்று சொந்தக் கதை அவிழ்ப்பது. பதிவு முடிந்ததும் மற்ற தடங்களை அணைத்துவிட்டு இரண்டாமவர் தடத்தை மட்டும் ஓடவிடுங்கள். துண்டு துண்டாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கேட்டால் வேலை சரி. அதுவே தொடர்ச்சியான ஒரு பேச்சாகக் கேட்டால் அளவு மீறியிருக்கிறார்.

ஆள் எடுக்கும்போது பேசச் சொல்லிப் பார்க்காதீர்கள். வெட்டாத பழைய பேட்டி ஒன்றில் பத்து நிமிஷத்தைக் கொடுத்து, எங்கெல்லாம் குறுக்கே கேள்வி கேட்பார் என்று நேரத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று நான்கு இடம் குறித்தவரைக் கூப்பிடலாம். பதினைந்து குறித்தவருக்குத் தனி நிகழ்ச்சி கொடுத்துவிடுங்கள்.