முதலில் 4a-ஆல் பெருக்குங்கள்

ax² + bx + c = 0 என்பதில் x-ஐக் கண்டுபிடிக்கும் இருபடிச் சூத்திரத்தைப் பத்தாம் வகுப்பில் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பரீட்சையில் −b-ஐத் தனியே விட்டுவிட்டு, வர்க்கமூலத்துக்கு அடியில் மட்டும் 2a போட்டேன். இரண்டு விடையும் தப்பு. அந்தப் பின்னக் கோடு எதுவரை நீளும் என்பது, ஒருமுறை நாமே வருவித்துப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

பாடப்புத்தகம் முதல் வரியிலேயே a-ஆல் வகுக்கச் சொல்லும். உடனே b/2a, b²/4a² என்று பின்னங்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் பிடித்துக்கொண்டது பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரரின் வழி. 12-ஆம் நூற்றாண்டில் இன்னொரு கணித அறிஞரான பாஸ்கரர் மேற்கோள் காட்டிய பழைய விதி அது.

ax² + bx + c = 0 என்பதில் c-ஐ வலப்பக்கம் அனுப்பிவிட்டு, இரு பக்கமும் 4a-ஆல் பெருக்குங்கள். (a பூஜ்ஜியம் என்றால் அது இருபடியே இல்லை, விட்டுவிடலாம்.)

4a²x² + 4abx = −4ac

ஏன் 4a? a-ஆல் பெருக்கினாலே முதல் உறுப்பு (ax)² ஆகிவிடும். ஆனால் நடு உறுப்பைப் பாதியாக்கும்போது b/2 வந்து தொல்லை தரும். கூடவே 4 இருந்தால் அது 2 × 2ax × b என்று அழகாகப் பிரியும்.

இதைத் தாளில் வரைந்து பாருங்கள். 2ax பக்கமுள்ள ஒரு சதுரம். வலப்பக்கம் ஒட்டினாற்போல் b அகலத்தில் ஒரு பட்டை, கீழே அதே அளவில் இன்னொன்று. சமன்பாட்டின் இடப்பக்கம் முழுக்கப் படத்தில் வந்துவிட்டது, கீழ் மூலையில் மட்டும் b × b அளவுக்கு ஒரு ஓட்டை. அதை அடைக்க b² போடுங்கள். சமன்பாட்டின் வலப்பக்கமும் போட வேண்டும்.

(2ax + b)² = b² − 4ac

b குறை எண்ணாக இருந்தால் படம் உதவாது, ஆனாலும் கணக்கு இதேதான். அப்புறம் வர்க்கமூலம். ± மறந்தால் ஒரு விடை போச்சு.

2ax + b = ±√(b² − 4ac)

b முதலில் வலப்பக்கம் போகிறது. அதற்குப் பிறகுதான் 2a-ஆல் வகுக்கிறோம். அதனால் −b-யும் சேர்ந்தே வகுபடும். நான் கோட்டைவிட்ட இடம் இதுதான்.

x = (−b ± √(b² − 4ac)) / 2a

சரி, எண்களில் ஒன்று: 3x² + 5x − 2 = 0. 12-ஆல் பெருக்கினால் 36x² + 60x = 24. 25 கூட்டினால் (6x + 5)² = 49. ஆக 6x + 5 என்பது 7 அல்லது −7; x = 1/3 அல்லது −2. சூத்திரத்தைத் தொடவே இல்லை பாருங்கள்.