டெபியன் ஸ்டேபிளில் புது வெர்ஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் ஸ்டேபிள் (நிலையான) வெளியீடுகளில் ஒன்றான டெபியன் 12, அதாவது புக்வார்ம், 2023 ஜூனில் வந்தது. அதில் இருப்பது பட எடிட்டரான ஜிம்ப்பின் 2.10. 2025 மார்ச்சில் ஜிம்ப் 3.0 வெளியான பிறகும் அங்கே 2.10தான். ஃபயர்பாக்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, ரிலீஸ் ஆன பிறகு பெரிய வெர்ஷன் மாற்றங்களை டெபியன் உள்ளே விடுவதில்லை. புது வெர்ஷனுக்கு ஆசைப்படுவதில் தப்பில்லை. அதை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் வம்பே.

பலரும் செய்வது இது: புக்வார்ம் மெஷினில், பேக்கேஜ்கள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்ட்டில் அடுத்த ரிலீஸான டிரிக்சியின் வரி ஒன்றைச் சேர்த்துவிட்டு, 'ஒரே ஒரு பேக்கேஜ்தானே' என்று ஜிம்ப்பைக் கேட்பது. டிரிக்சிக்காகக் கட்டிய ஜிம்ப் தனியாக வராது. தனக்கு வேண்டிய புது நூலகங்களைக் கேட்கும். அவை டிரிக்சியின் ஜிலிப்சியைக் கேட்கும். புக்வார்மில் ஜிலிப்சி 2.36, டிரிக்சியில் 2.41. ஏறக்குறைய எல்லா நிரலுக்கும் அஸ்திவாரம் அதுதான். அதோடு நின்றால்கூடச் சமாளிக்கலாம். இழுபறியில் பைத்தானும் 3.11இலிருந்து 3.13க்குத் தாவினால், பழையதற்காகக் கட்டிய மாட்யூல்களையும் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் ஏற்றப் பார்க்கும், முடியாதவற்றைக் கழற்றிவிடும். 'நீக்கப்படும் பேக்கேஜ்கள்' பட்டியலில் டெஸ்க்டாப்பின் பெயரே இருக்கும்போதும் படிக்காமல் 'ஒய்' தட்டுகிறவர்கள் உண்டு. டவுன்கிரேடை டெபியன் ஆதரிப்பதில்லை என்பதால் வந்த வழியே திரும்பவும் முடியாது. இப்படி ஒட்டுப்போட்ட சிஸ்டத்துக்கு டெபியன்காரர்கள் வைத்த பெயர் ஃபிராங்கன்டெபியன். உபுண்டுவுக்கென்று தனியாக நடத்தப்படும் பிபிஏ என்ற பேக்கேஜ் களஞ்சியங்களை டெபியனில் சேர்ப்பதும் இதே ரகம்தான்.

முறையான வழி பேக்போர்ட்ஸ். அடுத்த ரிலீஸாகத் தயாராகும் டெஸ்டிங்கில் உள்ள பேக்கேஜை ஸ்டேபிளின் நூலகங்களோடு மறுபடி கட்டித் தருவார்கள், அடித்தளம் அசையாது. கர்னல், லிப்ரே ஆபீஸ் போன்றவற்றுக்கு இது அருமையான வழி. இங்கும் ஒரு தவறு நடக்கிறது. வழக்கமான பேக்கேஜின் முன்னுரிமை 500. பேக்போர்ட்ஸுக்கு வேண்டுமென்றே 100தான் கொடுத்திருக்கிறார்கள். பெயர் சொல்லிக் கேட்டால்தான் அங்கிருந்து வரும். சிலர் முன்னுரிமைகளை மாற்ற உதவும் பின்னிங் கோப்பில் அந்த எண்ணை உயர்த்தி எல்லாவற்றையும் அங்கிருந்தே வரவழைக்கிறார்கள். டெபியனின் பாதுகாப்புக் குழு பேக்போர்ட்ஸைக் கவனிப்பதில்லை. அந்தந்தப் பேக்கேஜைப் பராமரிப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தேவையானதை மட்டும் எடுப்பதே சரி. எது எங்கிருந்து வரப்போகிறது என்பதை 'ஆப்ட் பாலிசி' காட்டிவிடும்.

பேக்போர்ட்ஸில் இல்லையா? ஜிம்ப் மாதிரி டெஸ்க்டாப் ஆப்களுக்கு வேண்டிய நூலகங்களைத் தன்னோடு கொண்டுவரும் ஃபிளாட்பேக் போதும். டிஸ்க் கொஞ்சம் அதிகம் தின்னும், அவ்வளவுதான்.

'பழைய வெர்ஷன், எனவே ஓட்டை' என்று பதறுவது இன்னொரு தவறு. 2024 ஜூலையில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ரெக்ரெஷன் என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. மூலத் திட்டம் 9.8இல் சரிசெய்தது. டெபியனோ அந்தத் திருத்தத்தை மட்டும் புக்வார்மின் 9.2க்குள் கொண்டுவந்தது, முன்னால் உள்ள எண் மாறவில்லை, வாலில் மட்டும் 'டெப்12யு3' என்று சேர்ந்தது. எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் சிவப்பு காட்டும். அதை நம்பி 9.8ஐ மூலநிரலிலிருந்து கட்டிப் போட்டவருக்கு இனி ஆப்ட் வழியாக எந்தத் திருத்தமும் வராது. மூலநிரலிலிருந்து இப்படி 'மேக் இன்ஸ்டால்' செய்த எதையும், பேக்கேஜ் கணக்கை வைத்திருக்கும் டிபிகேஜி அறியாது.

பைத்தானில் புக்வார்மே குறுக்கே நிற்கிறது. சிஸ்டம் பைத்தானுக்குள், பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் வழியாக எதையாவது போடப் போனால் மறுத்துவிடும். அதை மீறும் ஆப்ஷனின் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது? சிஸ்டத்தைத் தொடாமல் தனிச் சூழலில் நிறுவ, கட்டளைக் கருவிகளுக்குப் பிப்எக்ஸ், சொந்த நிரல்களுக்கு வென்வ் என்று போய்விடுங்கள்.

புது வெர்ஷன் தேவைப்படும் பேக்கேஜ்கள் பெருகிக்கொண்டே போனால், ஒட்டுப்போடுவதைவிட மொத்தமாக டிரிக்சிக்கு ஏறுவது சுலபம். சோர்சஸ் லிஸ்ட்டில் ரிலீஸின் பெயருக்குப் பதில் 'ஸ்டேபிள்' என்று எழுதிவைத்திருந்தவர்களுக்கு, 2025 ஆகஸ்ட் 9இல் டிரிக்சி வெளியானதும் அடுத்த அப்டேட்டே டிரிக்சியை நோக்கித் திரும்பிவிட்டது. 'புக்வார்ம்' என்றே எழுதியிருந்தால், பேக்கப் எடுத்து, ரிலீஸ் நோட்ஸ் படித்து, நேரம் கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஏறலாம்.