பாக்கெட் டார்ச் வாங்குமுன் பட்டனை அமுக்கிப் பாருங்கள்

டார்ச்சைக் கட்டைக் கணக்கில் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. வீட்டுக்கு இரண்டு கட்டை, தோட்டக் காவலுக்கு ஐந்து கட்டை. நீளத்தைப் பார்த்தாலே வெளிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இன்று இருட்டில் நடக்கவும் தற்காப்புக்கும் வாங்கும் விரல் நீள டார்ச்சின் பெட்டியில் 1,00,000 லூமன் வெளிச்சம் என்று அச்சடித்துச் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். அந்த எண்ணைக் கண்டதும் பெட்டியைத் திருப்பி வைத்துவிடலாம். பாக்கெட்டில் அடங்கும் டார்ச் எதுவும் அவ்வளவு வெளிச்சம் தராது.

நம்பத் தகுந்த கம்பெனிகள் பெட்டியில் எஃப்.எல் 1 என்ற தரநிலையைக் குறிப்பிட்டிருக்கும். அதன்படி லூமனை டார்ச் எரியத் தொடங்கி 30 விநாடி ஆன பிறகே அளக்க வேண்டும். எரியும் நேரம் என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகும் நேரம். ஆகவே ‘1000 லூமன், 3 மணி நேரம்’ என்றால் மூன்று மணி நேரமும் 1000 லூமன் கிடைக்கும் என்று பொருள் அல்ல. சிறிய உடம்பு அந்தச் சூட்டைத் தாங்காது. ஓரிரு நிமிடத்தில் டார்ச் தானாகவே 300, 400 லூமனுக்கு இறங்கிவிடும். இது கோளாறு அல்ல, எல்.இ.டி கருகாமல் காக்கும் ஏற்பாடு. விடாமல் 300 லூமன் தரும் டார்ச் தெருவுக்கும் வரப்புக்கும் தாராளம். வெளிநாட்டுப் போலீஸார் பல ஆண்டுகள் கையில் வைத்திருந்த ஷூர்ஃபயர் 6பி டார்ச்சே 65 லூமன்தான்.

தற்காப்புக்கு லூமனைவிட முக்கியமானது கேண்டெலா. லூமன் மொத்த வெளிச்சத்தின் அளவு. கேண்டெலா அது ஒரே திசையில் எவ்வளவு குவிகிறது என்பதன் அளவு. பெட்டியில் கேண்டெலா இல்லாமல் தூரம் மட்டும் இருந்தால் நாமே கணக்குப் போடலாம். தூரத்தைப் பாதியாக்கி அதே எண்ணால் பெருக்குங்கள். 200 மீட்டர் என்றால் 100 x 100, அதாவது 10,000 கேண்டெலா. அந்த டார்ச்சை 3 மீட்டரில் நிற்பவர் முகத்தில் அடித்தால் ஏறக்குறைய 1,100 லக்ஸ் விழும். லக்ஸ் என்பது ஓர் இடத்தில் வந்து விழும் வெளிச்சத்தின் அளவு. டியூப்லைட் எரியும் வீட்டுக் கூடத்தில் இருப்பது 100, 200 லக்ஸ்தான். இருட்டுக்குப் பழகிய கண் இதில் கூசிப்போகும்; மறுபடி முழுதாக இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். 5,000 முதல் 12,000 கேண்டெலா வரை இருந்தால் பாக்கெட் டார்ச்சுக்குப் போதும். லூமன் கூடாமல் கேண்டெலா மட்டும் அதற்கு மேல் போனால் வெளிச்சம் ஊசிபோல் குறுகிவிடும். காலடிக் குழி தெரியாது.

பட்டன்தான் பாதி டார்ச்

மோசமான டார்ச்சைக் கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு டார்ச்சைப் பையிலிருந்து எடுத்து ஒரே அமுக்கில் முழு வெளிச்சம் வருகிறதா பாருங்கள். முதல் அமுக்கில் மங்கல், இரண்டாவதில் நடுத்தரம், மூன்றாவதில் பளிச், நான்காவதில் படபடவென்று விட்டுவிட்டு எரியும் ஸ்ட்ரோப் என்று சுற்றி வரும் டார்ச் வீட்டில் ஃபியூஸ் மாட்ட உதவும். பதறும் விரலுக்கு அது ஆகாது.

பின்பக்கம் ரப்பர் பட்டன் உள்ளது நல்லது. இருட்டில் தடவினாலே எது முன், எது பின் என்று தெரியும். அதிலும் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் பாதி அமுக்கினாலே எரியும், விட்டால் அணையும், முழுதாக அமுக்கினால் நிலையாக எரியும். மற்றதில் க்ளிக் சத்தம் கேட்டு விரலை எடுத்த பிறகுதான் எரியும். தற்காப்புக்கு முதல் வகையைத் தேர்ந்தெடுங்கள். பக்கவாட்டில் மட்டும் பட்டன் உள்ளவை அன்றாடப் புழக்கத்துக்கு வசதியானவை, ஆனால் அவசரத்தில் பட்டன் எந்தப் பக்கம் என்று தடவ வேண்டியிருக்கும். பையில் சாவி பட்டால் இவை தானாக எரியவும் கூடும். முழு வெளிச்சத்தில் துணிக்குள் எரியும் டார்ச் பாக்கெட்டையே பொசுக்கும். அதனால் பையில் வைக்கும்போது வால் மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். மரைக்கு மேல்பூச்சு போட்ட டார்ச்சானால் மின்தொடர்பு விட்டுப்போகும். தளர்த்தியபின் பட்டனை அமுக்கிச் சோதியுங்கள்; அப்போதும் எரிந்தால் அந்த டார்ச்சில் இந்த வழி பலிக்காது.

கட்டை எது?

முக்கியமான தேர்வுகள் மூன்று. 18650 லித்தியம் அயன் பேட்டரி 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். பாக்கெட் டார்ச்சுக்கு இதுவே சரியான நடுத்தரம். அதைவிடப் பெரிய 21700 பேட்டரி இன்னும் அதிக நேரம் எரியும்; சட்டைப் பையைக் கீழே இழுக்கும். பெட்டிக்கடையிலும் கிடைப்பது வேண்டுமென்றால் ஏஏ பேட்டரி. வெளிச்சம் குறைவு, ஆனால் எந்த ஊரிலும் மாற்றலாம்.

18650-இல் மோசடி அதிகம். நல்ல பேட்டரியின் கொள்ளளவு பெரும்பாலும் 2,600 முதல் 3,600 எம்.ஏ.எச் வரை. 9,900 என்று போட்டிருந்தால் பொய். தராசில் வைத்தால் குட்டு வெளிப்படும்: நல்லது 45 முதல் 50 கிராம் வரை இருக்கும், போலி 30 கிராம் சொச்சத்தில் நிற்கும். பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள பேட்டரி சில மில்லிமீட்டர் நீளம் கூடுதல் என்பதால் சில டார்ச்சில் வால் மூடி இறுகாது; வாங்குமுன் போட்டுப் பாருங்கள்.

ஏஏ அளவிலேயே 14500 என்ற லித்தியம் பேட்டரி உண்டு. சாதாரண ஏஏ 1.5 வோல்ட், இது முழு சார்ஜில் 4.2 வோல்ட். டார்ச் இரண்டையும் ஏற்கும் என்று கையேட்டில் இருந்தாலொழியப் போடக் கூடாது. உள்ளிருக்கும் சர்க்யூட் கருகிவிடும். அல்கலைன் பேட்டரியை மாதக்கணக்கில் டார்ச்சுக்குள் விட்டால் அது கசிந்து ஸ்ப்ரிங்கை அரிக்கும். அவசரத்துக்கென்று அலமாரியில் வைத்த டார்ச்சுகள் பலவும் இப்படித்தான் செத்துப்போகின்றன. வெள்ளைப் படிவு சிறிதளவு என்றால் வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து உலர்த்தலாம்.

நேரடியாக சார்ஜ் ஏறும் டார்ச்சில் யு.எஸ்.பி சி துளை இருந்தும் சில, இரு முனையும் சி வகையான கேபிளில் சார்ஜ் ஏறாது. துளைக்குள் வைக்க வேண்டிய சின்ன ரெஸிஸ்டர்களைக் காசு மிச்சம் பிடிக்க விட்டுவிடுவதே காரணம். ஒரு முனை பழைய அகல யு.எஸ்.பி உள்ள கேபிளில் ஏறும்.

எங்கே வைக்கப் போகிறீர்கள்

பேன்ட் பாக்கெட் என்றால் 11 சென்டிமீட்டர் நீளம், பேட்டரியோடு 100 கிராம் எடை வரை பரவாயில்லை. வேட்டிக்காரருக்குச் சட்டைப் பைதான் கதி. அங்கே கிளிப் இல்லாத டார்ச் குனிந்தவுடன் விழும். ஹேண்ட்பேக்கில் போட்டால் சில்லறைக்கும் சீப்புக்கும் அடியில் போய்விடும். பாக்கெட் இல்லாத உடையில் மணிக்கட்டுக் கயிற்றோடு கையிலேயே பிடித்து நடப்பதைத் தவிர வழியில்லை. செல்போன் டார்ச் இதற்கு ஈடாகாது: வெளிச்சம் சிதறும், பூட்டைத் திறந்து தேட வேண்டும், பறித்தால் போனும் சேர்ந்து போகும்.

வெளிச்சத்தின் நிறத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நம் ஊரில் இருட்டில் நடப்பவருக்கு ஆளைவிடப் பாம்பு பெரிய ஆபத்து. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கண்ணாடி விரியன் சருகோடு சருகாகக் கிடக்கும். வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும் எண் கெல்வின். 6,500 கெல்வின் நீல வெள்ளையில் பழுப்பு நிறங்களெல்லாம் ஒன்றாகத் தெரியும். 4,000 முதல் 5,000 கெல்வினும், சி.ஆர்.ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேலும் உள்ள எல்.இ.டியில் நிறங்கள் பிரிந்து தெரியும். வெளிச்சம் கொஞ்சம் குறையும். அந்த விலை கொடுக்கத் தகும்.

ஸ்ட்ரோப் இருந்தால் இருக்கட்டும், அதற்காகப் பணம் கூடக் கொடுக்காதீர்கள். அது எதிராளியின் அசைவை உங்களுக்கும் துண்டு துண்டாகக் காட்டும். சிலருக்கு வலிப்பையும் தூண்டும். முனையில் கிரீடம்போல் பல் வைத்த டார்ச்சும் அப்படித்தான். பாக்கெட்டைக் கிழிக்கும், விமான நிலையச் சோதனையில் நிறுத்தி வைக்கும். மாற்று லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், முனைகள் உலோகத்தில் படாதபடி டப்பாவில் போட்டு. இந்தியாவில் தற்காப்பு உரிமையைச் சொல்வது குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள். தேவைக்கு மேல் காயப்படுத்த அந்த உரிமை இடம் தராது. தடுத்து விலகியபின் துரத்திப் போய் இடிப்பது தற்காப்பு ஆகாது.

பயன்படுத்தும் முறை எளிது. கட்டைவிரல் பட்டன் மேல் இருக்க, கையைத் தோள் உயரத்தில் உடம்பை விட்டுச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். சந்தேகத்துக்குரியவர் ஐந்தாறு மீட்டரில் இருக்கும்போதே நில்லுங்கள் என்று உரக்கச் சொல்லிக் கண்ணில் ஒரு விநாடி அடியுங்கள், அணையுங்கள், உடனே இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து வெளிச்சமும் ஆளும் உள்ள இடத்துக்குப் போய்விடுங்கள். நகர மறந்தால் நீங்கள் நிற்கும் இடத்தை நீங்களே காட்டிக் கொடுத்ததுதான் மிச்சம். வெள்ளைச் சுவர், கண்ணாடி, பனிமூட்டம் இவற்றுக்கு எதிரே அடித்தால் வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பும். வண்டி ஓட்டி வருபவர் முகத்தில் அடிக்கவே கூடாது.

வாங்கிய வாரத்தில் சோதியுங்கள்

திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன், முழு சார்ஜில் அதிக வெளிச்சத்தில் பத்து நிமிடம் கையில் பிடியுங்கள். பிடிக்க முடியாத சூடு ஏறியும் வெளிச்சம் இறங்காவிட்டால் சூட்டுக் கட்டுப்பாடு இல்லை என்று அர்த்தம். தண்ணீர் தாங்கும் தரத்தைச் சொல்லும் ஐ.பி.எக்ஸ் 7 அல்லது 8 என்று போட்டிருந்தால் வாளித் தண்ணீரில் அரை மணி போடுங்கள். லென்ஸுக்குள் ஆவி படிந்தால் திருப்பி அனுப்புங்கள். ஈரக் கையில் பட்டன் வழுக்குகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு வரும் தொந்தரவுகளில் பெரும்பாலானவை அழுக்கால் வருபவை. மினுக் மினுக்கென்று எரிந்தால் வால் மூடி மரையில் கறுப்புத் தூள் சேர்ந்திருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்து, ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் கடுகளவு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்து மண்ணை ஒட்டவைக்கும். பெட்ரோலியம் ஜெல்லி சில வகை ரப்பரை உப்ப வைக்கும். துடைத்தும் சரியாகாவிட்டால் வால் மூடிக்குள் இரண்டு பள்ளம் வைத்த வளையம் தளர்ந்திருக்கும். ஊசிமூக்குக் குறட்டை அந்தப் பள்ளங்களில் வைத்து வலப்பக்கம் இறுக்கினால் எரியும்.