ஃபைபர் படகில் மயிரிழை விரிசலா? இப்படி அடையுங்கள்
படகின் விளிம்பிலோ கயிறு கட்டும் கொக்கியைச் சுற்றியோ சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல் தெரிந்தால், முதலில் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் விரிசல் பெரும்பாலும் மேல்பூச்சான ஜெல்கோட்டோடு நின்றிருக்கும். மொத்தென்று கேட்டாலோ அழுத்தினால் அமுங்கினாலோ உள்ளே நார் அடுக்கே விட்டிருக்கலாம், அதற்கு இந்த வைத்தியம் போதாது.

விரிசல் மேல் அப்படியே பூசாதீர்கள், நிற்கவே நிற்காது. கூர்முனையால் ‘வி’ வடிவப் பள்ளமாகச் சுரண்டித் திறந்து, அசிட்டோனால் துடைத்து, காய்ந்ததும் டப்பாவில் சொன்ன அளவு ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம், பொதுவாக 2 சதவீதத்துக்குள்) கலந்த ஜெல்கோட்டைச் சற்று மேடாக நிரப்புங்கள். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். காற்றுப் பட்டால் பூச்சு பிசுபிசுக்கும், பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். நன்றாக இறுகிய அப்புறம் 400, 600, 1000 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து பாலிஷ் போடுங்கள்.