ஊர் வண்டியோடு பெங்களூரு வந்திருக்கிறீர்களா? முதலில் விளக்குகளைப் பாருங்கள்

வாடகை வீடு, கேஸ், பிள்ளைகளின் பள்ளி என்று அலைகிற முதல் மாதத்தில் காரின் பின்பக்க விளக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இங்கே ஏப்ரல், மே மாதங்களிலேயே சாயங்கால மழை தொடங்கிவிடும். சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில், கொட்டுகிற மழையில், உங்கள் பிரேக் லைட் எரியாவிட்டால் பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்பதே தெரியாது. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

சோதிக்க ஆள் தேவையில்லை. இரவில் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் சுவரை ஒட்டி ரிவர்ஸில் நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். சுவரில் இரண்டு பக்கமும் ஒரே அளவு சிவப்பு விழ வேண்டும். முகப்பு விளக்கையும் இண்டிகேட்டரையும் அதே சுவரில் பார்த்துவிடலாம்.

ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் போனால் பெரும்பாலும் பல்புதான். புது ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக அடித்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கிறது. இரண்டு பிரேக் லைட்டும் ஒன்றாகப் போனால் பல்பை விட்டுவிட்டு, முதலில் பியூஸையும் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்சையும் பாருங்கள். பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. கம்பியைச் சுற்றிப் போடச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். புதுப் பியூஸும் உடனே போனால் ஒயர் எங்கோ உரசி பாடியில் தொடுகிறது. எலி கடித்தும் இருக்கலாம். பேஸ்மெண்டில் நிற்கும் வண்டிகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

ஆனால் நம்மை அதிகம் ஏமாற்றுவது எர்த் கோளாறு, அதாவது பல்புக்கு வந்த கரண்ட் வண்டியின் பாடி வழியாகத் திரும்பிப் போகும் இணைப்பு கெடுவது. நான் திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த வண்டியில் பிரேக்கை மிதித்தால் இடது பக்கம் பிரேக் லைட் சரியாக வராது. மற்ற பார்க்கிங் லைட்டுகளும் டேஷ்போர்டும் மங்கலாக மினுங்கும். ஒரு ஒர்க்ஷாப்பில் பார்த்துவிட்டு, பின்பக்க ஒயரிங்கையே மாற்ற வேண்டும் என்றார்கள். மனசு கேட்காமல், தங்கவயல் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் போனேன். டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்தவர், "தம்பி, கரண்ட் வருது. திரும்பிப் போக வழியில்லாம அடுத்த பல்பு வழியா ஓடுது" என்றார். டிக்கி லைனிங்கை விலக்கினால், பாடியில் முறுக்கியிருந்த ஒரே ஒரு ஸ்க்ரூ, சுற்றிலும் துரு, ஒயர் முனையில் பச்சைக் களிம்பு. எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். கால் மணி நேர வேலை. டெயில் லேம்ப் ஓரத்து ரப்பர் கிழிந்து மழைத் தண்ணீர் இறங்கியிருந்ததையும் அவரே காட்டினார். அதை மாற்றாமல் விட்டிருந்தால் அடுத்த மழைக்கே துரு திரும்பியிருக்கும்.

இன்னொன்று, வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு போடுவது. கம்பெனி பல்பு 60 வாட். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல். அந்தச் சூட்டில் ஹோல்டர் பழுப்பாகி உருகும், ஒயர் முறுக்காய் மொறுமொறுக்கும். எதிரே வருபவரின் கண்ணும் கூசும். வேண்டாம்.

பாகங்களுக்கு டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை போகும் ஜே.சி. ரோடு. பழைய டெயில் லேம்ப் வேண்டுமென்றால் சிவாஜி நகர். உடைந்த ஹோல்டரையும் பழைய பல்பையும் கையோடு கொண்டுபோங்கள், மாடல் பெயர் மட்டும் போதாது. பல கடைகளில் தமிழ் நடக்கும். இருந்தாலும் கன்னடத்தில் தொடங்கினால் முகம் மலரும்: "எடகடெ லைட் பர்தா இல்லா" (இடது பக்க லைட் வரவில்லை), "எஷ்டாகுத்தே?" (எவ்வளவு ஆகும்?). நம் வலது இங்கே 'பல' ஆகும், இடது 'எட'. பக்கம் மாறிச் சொல்லிவிடாதீர்கள்.

வாரண்டி முடியாத வண்டியில் எந்த ஒயரையும் வெட்ட விடாதீர்கள். நேராக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். தமிழ்நாட்டு நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டப்போகிறீர்கள் என்றால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இங்கே புதுப் பதிவெண் வாங்க வேண்டும். அதற்காக வண்டியை ஆர்.டி.ஓ.வுக்குக் கொண்டுபோகும் முன் இன்னொரு முறை அந்தச் சுவர் முன்னால் நிறுத்தி பிரேக்கை மிதித்துப் பாருங்கள்.