ரேடியோ பாகத்தில் தோடு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே ஒரு நகைப்பெட்டியே இருக்கிறது. நிறக் கோடு போட்ட ரெசிஸ்டர்கள், கண்ணாடிக் குழாய்க்குள் அடங்கிய டயோடு, தலையில் மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று பொட்டு வைத்த, ஐ.எஃப்.டி. எனப்படும் சின்னச் சுருள் டப்பாக்கள். டேப் ரெக்கார்டரின் எலக்ட்ரெட் மைக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் சின்னத் தோடு மாதிரியே இருக்கும். காயலான் கடையில் இதெல்லாம் கொட்டிக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும்.

ஆனால் இவை போர்டில் ஒருமுறை பற்றவைத்தபின் மூடிய பெட்டிக்குள் அசையாமல் கிடப்பதற்காகச் செய்த பொருட்கள். காதில் மாட்டினால் நாளெல்லாம் ஆடும், வியர்வையில் ஊறும், துண்டில் சிக்கும். இதை யோசிக்காமல் பிளையரைக் கையில் எடுப்பதால்தான் முக்கால்வாசித் தவறுகள் நடக்கின்றன.

நான் செய்த முதல் தவறு, ரெசிஸ்டரின் காலையே வளைத்துக் காதில் மாட்டும் கொக்கியாக்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் என் தங்கையின் காது மடல் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. ரெசிஸ்டர் கால் என்பது செம்பு அல்லது இரும்புக் கம்பி, மேலே மெல்லிய பூச்சு. பழைய பாகங்களில் அந்தப் பூச்சிலேயே காரீயம் கலந்திருக்கும். காந்தத்தைக் காட்டுங்கள், ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு. கட்டரால் வெட்டிய முனையில் பூச்சு இருக்காது, அங்கிருந்துதான் துருப்பிடிக்கும். காதுக்குள் போகும் கொக்கியையோ தண்டையோ தனியாக வெள்ளியிலோ டைட்டானியத்திலோ வாங்கி, பாகத்தை அதன் கீழே வளையத்தில் தொங்கவிடுங்கள்.

வளையம் செய்யவும் ஒரு பக்குவம் உண்டு. கம்பிக் காலைப் பாகத்தின் உடம்பை ஒட்டி வளைக்கக் கூடாது. நோஸ் பிளையரால் உடம்பிலிருந்து 2, 3 மில்லிமீட்டர் தள்ளிக் காலைப் பிடித்துக்கொண்டு, பிளையருக்கு அந்தப் பக்கம் உள்ள கம்பியை மட்டும் வளைக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடி டயோடு ‘டிக்’ என்று விரிசல் விட்டுவிடும். வளைவு சரியில்லை என்று நிமிர்த்தித் திரும்ப வளைப்பதும் வேண்டாம். நாலைந்து தடவைக்கு மேல் அந்தக் கம்பி தாங்காது.

அடுத்தது சால்டர், அதாவது பற்றவைக்கும் ஈயக் கம்பி. “ஈயச் சொம்பில் ரசமே வைக்கிறோம், இந்த ஈயம் என்ன செய்யும்?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஈயச் சொம்பு வெள்ளீயம். கடைகளில் சகஜமாகக் கிடைக்கும் 60/40 சால்டர் கம்பியில் 60 பங்குதான் வெள்ளீயம், மீதி 40 காரீயம், அதாவது விஷம். சங்கிலியில் தொங்கும் டாலரைக் கைக்குழந்தை வாயில் வைக்காமல் இருக்காது. காரீயமில்லாத கம்பி கேட்டு வாங்குங்கள். 60/40 சுமார் 190 டிகிரிக்குள் உருகிவிடும், இதற்குச் சுமார் 220 டிகிரி வேண்டும், அதனால் முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஐரோப்பாவில் எலக்ட்ரானிக்ஸ் பொருட்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு வந்தது 2006 ஜூலையில்தான். அதற்கு முந்தைய போர்டில் கழற்றிய எதையும் காரீயம் பட்டதாகவே எண்ணிக் கையாளுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பற்றவைத்த இடத்தில் மிச்சமிருக்கும் பிசினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க மறந்தால் பிசுபிசுவென்று அழுக்கை எல்லாம் இழுத்துக்கொள்ளும்.

ஹெட்போன் பின்னைத் தொங்கட்டானாக்குபவர்கள் கவனிக்க வேண்டியது நிக்கல். வெள்ளையாகப் பளபளக்கும் 3.5 மி.மீ. பின் பெரும்பாலும் நிக்கல் முலாம் பூசிய பித்தளை. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறது என்பார்களே, பல பேருக்கு அதற்குக் காரணம் இந்த நிக்கல்தான். துளையில் நுழையும் தண்டிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் நிக்கல்கூடக் கசியக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. நெயில் பாலிஷ் பூசிச் சமாளிக்கலாம் என்பார்கள். வியர்வையில் அது சீக்கிரமே உரிந்துவிடும். ஒத்துக்கொள்ளாத காது என்றால் பின்னைக் கழுத்துச் சங்கிலிக்கு மாற்றி, ஆடைக்கு மேல் தொங்கவிடுவதே நல்லது.

ஸ்பீக்கர், இயர்போன் டிரைவர் எதிலும் காந்தம் இருக்கிறது என்பது செய்யும்போது ஞாபகம் வராது, போட்டுக்கொண்டபின் வரும். சின்ன ஸ்பீக்கரில் செய்த டாலர் ஒன்று, புடவை மடிப்பில் குத்தியிருந்த சேஃப்டி பின்னைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டதை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அது சிரித்துவிட்டுப் போகும் விஷயம். ஆனால் பேஸ்மேக்கர் வைத்தவர் போடும் டாலர் சரியாக நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கும். காந்தமுள்ள போன், வாட்ச் போன்றவற்றை அந்தக் கருவியிலிருந்து 6 அங்குலம் தள்ளி வைக்கச் சொல்கிறது அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ. அவர்களுக்கு ரெசிஸ்டர் மாலை போதும்.

பழைய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரைத் தொடாதீர்கள் என்பேன். தலை உப்பியிருந்தால் உள்ளிருக்கும் திரவம் கசியும். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் 4700 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்) கண்டென்சர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருந்து கையில் இறக்கும். புதிதாக வாங்கினால் விலையும் சொற்பம்தான். ஒட்டுவதற்குச் சூப்பர் குளூ வேண்டாம், சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, இரண்டு டியூப் கலக்கும் எபாக்சியைப் போட்டு ஒரு நாள் விடுங்கள். அப்புறம், ஏசி 128 மாதிரி ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கிடைத்தால் உடனே துளை போடாதீர்கள். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் செய்கிறவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள்.

பேட்டரி, மினுக்கும் எல்.இ.டி. சேர்த்த நகையோடு விமான நிலையத்துக்குப் போக வேண்டாம். 2007-ல் பாஸ்டன் லோகன் விமான நிலையத்துக்கு எல்.இ.டி.யும் 9 வோல்ட் பேட்டரியும் வைத்த சட்டையோடு போன எம்.ஐ.டி. மாணவி ஒருவரைத் துப்பாக்கி முனையில் கைது செய்தார்கள்.

கடைசியாக ரெசிஸ்டரின் நிறம். அது அழகுக்குப் போட்ட கோடு இல்லை, எண். பழுப்பு 1, சிவப்பு 2, பச்சை 5, ஊதா 7. முதல் இரண்டு கோடு இலக்கங்கள், மூன்றாவது கோடு அவற்றின் பின்னால் எத்தனை சைபர் என்பது. இதை வைத்துப் பிறந்தநாள், மணநாள் எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. மே 27 என்றால் சிவப்பு, ஊதா, பச்சை, அதாவது 2.7 மெகாஓம், எளிதாகக் கிடைக்கும். கடைசியில் இருக்கும் தங்கக் கோடு கீழே வரும்படி மாட்டுங்கள், தலைகீழாகத் தொங்கினால் தேதி மாறிப்போகும். எல்லாத் தேதிக்கும் ரெசிஸ்டர் கிடையாது. மதிப்பு 5 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கும் சாதாரண ரெசிஸ்டர் வரிசையில் 10 முதல் 31 வரை இருப்பவை 10, 11, 12, 13, 15, 16, 18, 20, 22, 24, 27, 30 மட்டுமே. ஜூன் தாண்டினால் மாதமும் கஷ்டம், அவ்வளவு மெகாஓம் சாதாரணக் கடையில் இருக்காது. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் போய் 17 கேட்டால் 18-ஐத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மணநாளை ஒரு நாள் தள்ளிப்போட வீட்டில் சம்மதிப்பார்களா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.