எட்டு இலக்க எண்ணை 7, 11, 13 ஆகியவற்றால் ஒரே கழித்தலில் சோதிக்கலாம்

பெரிய எண் ஒன்றைக் கண்டதும் பலர் 2, 3, 5 வரை சோதித்துவிட்டு 7 வந்ததும் நீள்வகுத்தலுக்குப் போய்விடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை.

48213620 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரியுங்கள்: 620, 213, 48. லட்சம், கோடிக்கு இடும் காற்புள்ளிகள் வேறிடத்தில் விழும். அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். இப்போது ஒன்றுவிட்டு ஒன்றாகக் கழித்துக் கூட்டுங்கள்: 620 − 213 + 48 = 455. இது 7ஆலும் 13ஆலும் வகுபடும், 11ஆல் வகுபடாது. மூல எண்ணும் அப்படியே!

காரணம் மிக அழகானது. 7 × 11 × 13 = 1001. ஆயிரம் அதைவிட ஒன்று குறைவு என்பதால், ஒவ்வொரு ஆயிரமும் மீதியில் −1 ஆகவே நிற்கிறது. மூன்று பகா எண்களுக்கும் ஒரே சோதனை போதுமானது இதனால்தான்.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 26, ஆகவே 3 காரணி இல்லை. இறுதியில் ஒரே ஒரு சுழி இருப்பதால் முழு வர்க்கமும் இல்லை.

முழுமையாகப் பிரித்தால் 2² × 5 × 7 × 13 × 59 × 449 கிடைக்கும். அடுக்குகள் ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 96. இந்த எண்ணுக்கு மொத்தம் 96 வகுத்திகள். அவற்றில் தன்னைத் தவிர்த்த மற்றவற்றின் கூட்டுத்தொகை எண்ணைவிடப் பெரிதா என்று அறிய 95 எண்களைக் கூட்ட வேண்டியதில்லை. 20க்கு அது 1 + 2 + 4 + 5 + 10 = 22, அதாவது 20ஐவிடப் பெரிது. 20இன் மடங்குகள் அனைத்துக்கும் இப்பண்பு உண்டு. 48213620உம் அவற்றில் ஒன்று.